இரண்டுங்கெட்டான் இறகு: கலப்பினம் என்று குறிக்கும் முன்

வலைக்கண்:
வலையில் பிடித்து வளையமிடும் பறவையின் நிறம் இரண்டு இனத்துக்கும் நடுவில் நின்றாலே “கலப்பினம்” என்று எழுதிவிடுகிறோம். ஃப்ளிக்கர் மரங்கொத்தி இதற்கு நல்ல பாடம். வட அமெரிக்காவின் கிழக்கில் இதன் இறகுத்தண்டு மஞ்சள், மேற்கில் சிவப்பு. நடுச் சமவெளியில் இரண்டும் கலக்கின்றன. (இரண்டையும் ஒரே இனமாக வைத்திருக்கிறார்கள் என்பது வேறு வழக்கு.) கலப்பு வலயத்துக்கு வெகு தூரத்தில், கிழக்குக் கோடியிலும் சிவந்த இறகுடன் பறவைகள் வலையில் விழும். மேற்கின் மரபணு அவ்வளவு தூரம் வந்துவிட்டதோ என்று பேச்சு. இறகின் நிறமியைப் பிரித்துப் பார்த்தால் ரோடோக்சாந்தின்! அயல்நாட்டு ஹனிசக்கிள் புதரின் பழத்தில் இருப்பது அது. இறகு முளைக்கும் நாளும் பழம் பழுக்கும் நாளும் ஒன்றாக வந்ததால் சாயம் ஏறியிருக்கிறது.

பிரித்தறிய வழி உண்டு. கிழக்கத்தியப் பறவைக்குப் பிடரியில் சிவப்புப் பிறை, ஆணுக்குக் கறுப்பு மீசை, தொண்டை பழுப்பு. மேற்கில் பிறை கிடையாது, மீசை சிவப்பு, தொண்டை சாம்பல். உண்மையான கலப்பில் இவற்றிலும் ஏதாவது குழம்பியிருக்கும். மற்றதெல்லாம் கிழக்காக இருந்து, பறக்கும் இறகுகளில் சில மட்டும் சிவந்திருந்தால் முதலில் தீனியைச் சந்தேகியுங்கள். படம் எடுக்கும்போது சிறகை விரித்து ஒவ்வொரு இறகும் தெரிகிற மாதிரி எடுங்கள், பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை வையுங்கள். மாலை வெயில் எந்த மஞ்சளையும் ஆரஞ்சாக்கிவிடும்.

புதர்க்குரல்:
இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு: தூய இனம் போலவே தெரியும் கலப்பு. வட அமெரிக்காவின் சிறு பறவைகளான தங்கச்சிறகு வார்ப்ளர், நீலச்சிறகு வார்ப்ளர் இரண்டும் கூடினால் முதல் தலைமுறை பெரும்பாலும் ‘புரூஸ்டர்’ வடிவம்: தொண்டையில் கறுப்பு இல்லை, கண்கோடு மெலிசு, அடிப்பக்கம் வெளிறியது. கறுப்புத் தொண்டையும் மஞ்சள் உடலும் சேர்ந்த ‘லாரன்ஸ்’ வடிவம் அரிது. அதற்கு வேண்டியவை ஒடுங்கு பண்புகள் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளித்தெரிபவை). அவை ஒரே உடலில் சேரப் பிந்திய தலைமுறை வேண்டும். 2016-ல் வந்த மரபணுத்தொகுதி (முழு டிஎன்ஏ) ஆய்வு, இரண்டு இனமும் ஏறக்குறைய 99.97 சதவீதம் ஒன்று என்றது; தெளிவாக வேறுபட்டவை ஆறே பகுதிகள், அவற்றிலும் பல இறகு நிறம் சார்ந்தவை. நிறத்துக்கு வெளியே எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. பாட்டும் கைகொடுக்காது; கலப்புப் பறவை ஏதாவது ஒரு பெற்றோரின் பாட்டையே பாடும்.

செங்குருதி:
அப்படியானால் ரத்தம்தான் வழி. அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும் இது. மேல்வரம்பு உடல் எடையில் 1 சதவீதம். 10 கிராம் பறவைக்குச் சுமார் 100 மைக்ரோலிட்டர். அவ்வளவு தேவையே இல்லை. பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, அதில் டிஎன்ஏ இருப்பதால் 10–20 மைக்ரோலிட்டரே போதும். சிறகின் அடிநரம்பில் மெல்லிய ஊசியால் குத்தி, ஊறும் துளியை நுண்குழாயில் ஏற்றி, நின்றுவிட்டதா என்று தெரியும்வரை பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பூசிய குழாய் வேண்டாம், டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும். ஆல்கஹாலில் போடுவதானால் கொஞ்சமாகப் போட்டு உடனே குலுக்குங்கள்; அதிகம் போட்டால் ரப்பர் போலக் கட்டி, உள்ளே ஆல்கஹால் ஏறாமல் டிஎன்ஏ சிதையும்.

மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் உறுப்பு) டிஎன்ஏ மட்டும் பார்த்து முடிவு சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அது தாய்வழி மட்டுமே சொல்லும். பறவையில் பெண்ணுக்குத்தான் இரண்டு வெவ்வேறு பாலினக் குரோமோசோம் (ZW), ஆணுக்கு ஒரே வகை இரண்டு (ZZ). மரபியலாளர் ஹால்டேன் 1922-ல் சொன்ன விதிப்படி கலப்பில் முதலில் அடிபடுவது அப்படி வெவ்வேறு குரோமோசோம் உள்ள பாலினம். பைடு ஈப்பிடிப்பானும் கழுத்துப்பட்டை ஈப்பிடிப்பானும் கலந்தால் பிறக்கும் பெண்கள் மலடு. ஆண்கள் வழியாக மற்ற மரபணு ஏதும் கடந்தாலும் மைட்டோகாண்ட்ரியா அந்த வேலியிலேயே நின்றுவிடும். “மைட்டோகாண்ட்ரியா கலக்கவில்லை, ஆகவே மரபணு ஓட்டம் (ஒரு இனத்தின் மரபணு மற்றதற்குள் போவது) இல்லை” என்பது பறவைகளிடம் செல்லாத வாதம்.

கணக்குப்பிள்ளை:
எத்தனை குறிகள் (டிஎன்ஏவில் இனத்தைக் காட்டும் இடங்கள்) வேண்டும் என்று பலர் கேட்பதால் இது. இரண்டு இனத்தையும் முழுதாகப் பிரிக்கும் குறிகளில், முதல் தலைமுறைக்குக் கலப்புச் சுட்டெண் (ஒரு இனத்திலிருந்து வந்த பங்கு) 0.5, இருவகைத்தன்மை (இரண்டு இனத்து வடிவமும் சேர்ந்திருக்கும் குறிகளின் பங்கு) 1. இரண்டாம் தலைமுறைக்குச் சுட்டெண் அதே 0.5, ஆனால் இருவகைத்தன்மை சராசரி 0.5. ஆகவே சுட்டெண்ணை மட்டும் பார்த்துத் தலைமுறை சொல்லாதீர்கள். பெற்றோர் இனத்தோடு திரும்பத் திரும்பக் கூடினால் (பின்கலப்பு) இருவகைத்தன்மை ஒவ்வொரு தடவையும் பாதியாகும்: ½, ¼, ⅛, 1/16. நான்காம் பின்கலப்பில் 10 குறிகளால் தேடினால், அயல் மரபணு ஒன்றுகூட அகப்படாத வாய்ப்பு (15/16)¹⁰, அதாவது சுமார் 52 சதவீதம். காசு சுண்டுவதற்குச் சமம். ஒன்றோடொன்று பிணையாத 100 குறிகள் என்றால் அது 0.2 சதவீதத்துக்கும் கீழே போகும்.

ஸ்ட்ரக்சர், அட்மிக்ஸ்சர் என்ற கணினி நிரல்கள் தரும் பட்டைப்படத்தில் வரும் இரண்டு நிறத்தையும் (ஒவ்வொன்றும் ஒரு மூதாதைக் குழு) அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு குழு கேட்டால் இரண்டு குழு தரும். ஒரு இனத்தில் 60 பறவை, மற்றதில் 6 என்றால் படம் இன்னும் கோணலாகும். பழைய மூதாதையிடமிருந்து இரண்டுக்கும் வந்த பொது மரபணு வடிவமும் கலப்பு போலவே தோன்றும். அதைப் பிரிக்க நான்கு இனம் வைத்து ஏபிபிஏ–பிஏபிஏ சோதனை போடலாம். நெருங்கிய இரண்டு இனங்களில் எது மூன்றாவதோடு அதிகம் பகிர்கிறது என்ற சமமின்மையை அது காட்டும், அதிலிருந்து எப்போது கலந்தது என்பது வராது.

புதர்க்குரல்:
மஸ்கோவி வாத்தும் மல்லார்டு வழி வந்த வீட்டு வாத்தும் கூடிப் பிறப்பவை பண்ணைகளில் ஏராளம். எல்லாம் மலடு. கலப்பினம் கண்முன்னே குவிந்து கிடக்கிறது, மரபணு ஓட்டம் பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை:
இதற்கு மறுகோடி ஐரோப்பாவின் காகங்கள். முழுக் கறுப்பான கேரியன் காகமும் சாம்பல் உடல் கொண்ட ஹூடட் காகமும் குறுகிய வலயத்தில் கலந்து, குஞ்சுகளும் இனம்பெருக்குகின்றன. 2014 ஆய்வில் உறுதியான வேறுபாடு மரபணுத்தொகுதியின் 1 சதவீதத்துக்கும் கீழே, பெரும்பகுதி 18-ஆம் குரோமோசோமில். மற்ற இடமெல்லாம் மரபணு தாராளமாகப் போய்வருகிறது. நிறம் மட்டும் எல்லையில் நிற்கிறது, காரணம் தன் நிறத்தில் துணை தேடும் பழக்கம். வலயத்தின் அகலத்திலிருந்து, கலப்புக்கு எதிரான இயற்கைத் தேர்வின் வலிமையைக் (s) கணிக்க s = 8σ²/w². பிறந்த இடத்திலிருந்து பரவும் தூரம் σ 10 கிலோமீட்டர், அகலம் w 50 கிலோமீட்டர் என்று வைத்தால் s 0.32. σ-வை வளையமிட்ட பறவை மறுபடி கிடைத்த தூரத்திலிருந்து எடுக்கிறோம். வெகுதூரம் போனவை அதில் அகப்படுவதில்லை, σ குறைந்தே நிற்கும். σ வர்க்கமாக வருவதால் பாதியாகத் தவறினால் s நான்கில் ஒன்றாகிவிடும்.