லாரியில் லிஃப்ட் கேட்டுத் தூத்துக்குடி போகலாமா?

தண்டையார்பேட்டை மாணவன்:
டிசம்பர் விடுமுறையில் எண்ணூர் விரைவுச்சாலையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளில் லிஃப்ட் கேட்டு, வண்டி மாறி வண்டி மாறித் தூத்துக்குடி வரை போய், நான்கைந்து இரவுகள் கடற்கரையிலோ பேருந்து நிலையத்திலோ படுத்துக்கொண்டு, துறைமுகத்தையும் உப்பளங்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். ரயிலுக்குக் காசில்லாமல் இதைக் கேட்கவில்லை. சிறுவயதிலிருந்து என் வீட்டு வாசலைக் கடந்து போகும் லாரிகள் எங்கே போய் நிற்கின்றன என்பதை, அவற்றோடு போய்ப் பார்க்க ஆசை. கோடையில் வாசலில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவன் என்பதால் வெளியில் தூங்குவதும் எனக்குப் புதிதில்லை.

எண்ணூர் ஓட்டுநர்:
தம்பி, உங்கள் ஆசையில் தவறில்லை. அதற்கான விலையை ஓட்டுநர் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வருபவர் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. விழுப்புரம் தாண்டி ஒருவரை ஏற்றிக்கொண்ட என் கூட்டாளி, திடீர் பிரேக்கில் அவருடைய நெற்றி கண்ணாடியில் மோதியதற்காக, மருத்துவச் செலவை இரண்டு ஆண்டுகள் தன் சம்பளத்தில் கழித்தார். முதலாளி சாவியைப் பிடுங்காமல் விட்டதே பெரிது.

ராயபுரம் அக்கா:
ஓட்டுநர் அண்ணன் சொல்வது சட்டப்படி சரி, ஆனால் சாலையில் நடப்பது அது மட்டுமல்ல. என் அப்பா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். கிளீனர் வராத நாட்களில், விடியற்காலை மூன்று மணிக்குக் கண்ணைக் கட்டும்போது பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவரே வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். அப்படி ஏறியவர்கள் இரண்டு பேர் பிற்பாடு என் திருமணத்துக்கே வந்தார்கள். ஓட்டுநரும் ஏறுபவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதைக் குற்றமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அப்பாவைப் போல எத்தனை பேர் இருந்தாலும், தனியாகக் கை காட்டி நிற்கும் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை தன்னார்வலர்:
லிஃப்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது படுக்கைதான். சொந்த வாசலில் படுத்தால், ரோந்து வரும் போலீஸாருக்கு நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெருவே சொல்லும். ஊர் தெரியாத பேருந்து நிலையத்தில் அதைச் சொல்ல யாரும் இல்லை. பாரிமுனை நடைபாதையில் தலைமுறையாகத் தூங்கும் குடும்பங்களிடம் இரவில் போய்ப் பாருங்கள்: செருப்பைத் தலைக்கு அடியிலும், துணி மூட்டையைக் காலோடு கட்டியும் வைத்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பார்கள். நகரங்களில் 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது இவர்களுக்காகத்தான். வீடு இருப்பவர் அந்தக் காப்பகத்துப் பாயையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும், தூத்துக்குடிக்கு டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் அந்த மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதத்தில் உப்பளமும் தண்ணீராகத்தான் கிடக்கும்.

தண்டையார்பேட்டை மாணவன்:
உப்பள விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளி வைக்கிறேன். படுக்கைக்கு வாடகை அறை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அக்கா சொன்ன அந்த மூன்று மணிப் பேச்சு ரயிலில் கிடைக்காது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

எண்ணூர் ஓட்டுநர்:
அந்தப் பேச்சுக்கு வண்டி ஓட வேண்டும் என்பதில்லை, தம்பி. இங்கே, நம் ஊர்த் துறைமுக வரிசையில் சில நாட்களில் மணிக்கணக்கில் நகராமல் கிடக்கிறோம். டிரெய்லருக்கு அடியில் கயிற்றில் தூளி கட்டிப் படுப்பவரும், பக்கத்திலேயே ஸ்டவ் வைத்துச் சோறு வடிப்பவரும் தூத்துக்குடி, கொச்சி எல்லாம் ஓடியவர்கள்தான். சனிக்கிழமை இரவு நானும் அங்கே இருப்பேன், வாருங்கள்.