விட்ஸ் லீற்றருக்கு ஒன்பதரைதான் ஓடுகிறது, பெற்றோல் எங்கே போகிறது?

தெஹிவளை அக்கா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பகுதியில் வேலை செய்பவளுக்கு இலக்கம் இல்லாமல் அழவும் தெரியாது.

என்னிடம் இருப்பது 2015 டொயோட்டா விட்ஸ் கார், 1000 சிசி, ஓட்டோ கியர். வீடு தெஹிவளையில், கடலுக்குக் கிட்ட. வேலை யூனியன் பிளேஸில். காலையில் மகனைப் பம்பலப்பிட்டியில் இறக்கிவிட்டுப் போவேன், அவன் திரும்பி வருவது ஸ்கூல் வேனில். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் வெள்ளவத்தையில் மகளுக்கு ரியூசன், ஒன்றரை மணித்தியாலம். அவள் முடித்து வரும்வரை காருக்குள் இருந்து போன் பார்த்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை சந்தை, கோயில், சொந்தக்காரர் வீடு.

இவ்வளவு காலமும் "2,000 ரூபாவுக்கு அடியுங்கோ" என்று சொல்லியே பழகிவிட்டேன். அப்படி அடித்தால் கார் எவ்வளவு குடிக்கிறது என்று ஒருநாளும் தெரியாது. போன மாதம்தான் புத்தி வந்து, டாங்கை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, ஒவ்வொரு முறையும் அதே பெற்றோல் செட்டில், அதே பம்பில், தானாக நின்றதும் போதும் என்று சொல்லி அடித்தேன். மாத முடிவில் 702 கிலோமீற்றர், 74 லீற்றர். லீற்றருக்கு ஒன்பதரை கூட இல்லை. லீற்றர் 300 என்று வைத்தாலே 22,200 ரூபா. வீட்டு மின்சார பில்லுக்குப் பேசும் பேச்சை இதற்கு யாரும் பேசுவதில்லை!

செய்து பார்த்தவை: ஏசியை நிற்பாட்டி ஒரு வாரம் ஓடினேன், ஒபிசுக்குப் போகும்போது உடுப்பு தோய்ந்துவிட்டது. சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால் பெற்றோல் மிச்சம் என்று ஒரு சாமான் 2,800 ரூபாவுக்கு வாங்கினேன். பச்சை லைட் எரிகிறது, அவ்வளவுதான். 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு 95 அடித்தால் அதிகம் ஓடும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? வேறு எங்கே பார்க்க வேண்டும்?

வத்தளை கராஜ்

அக்கா, அந்தப் பச்சை லைட்டைக் கழற்றி வையுங்கள். அதற்குள்ளே ஒரு பல்பும் ரெண்டு கம்பியும் தவிர ஒன்றும் இருக்காது. நான் இப்படி நாலைந்தை உடைத்துப் பார்த்திருக்கிறேன்.

95 கதை. ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் இல்லை. எஞ்சினுக்குள் அமுக்கும்போது நேரத்துக்கு முதலே வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிற அளவுதான் அது. உங்கள் எஞ்சின் ஜப்பானில் சாதாரண பெற்றோலில் ஓடச் செய்தது. அங்கே சாதாரண பெற்றோலுக்குக் கேட்கிற ஒக்டேன் ஆகக் குறைந்தது 89. எங்கள் 92 தாராளம். 95 அடித்து ஒரு கிலோமீற்றர்கூட மிச்சம் வராது. லீற்றருக்கு 30 ரூபா வித்தியாசம் என்று வைத்தாலும் 74 லீற்றருக்கு 2,220 ரூபா சும்மா போகும்.

முதலில் டயர். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் எழுத்து என்று பயப்படாதீர்கள், இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது கிலோபாஸ்கல், 6.9-ஆல் பிரித்தால் காற்றடிக்கிற பையனுக்குச் சொல்லும் பிஎஸ்ஐ கணக்கு வரும். 230 என்றால் 33. சொல்லாவிட்டால் எல்லாக் காருக்கும் ஒரே அளவைத்தான் அடிப்பார்கள். காலையில் டயர் குளிராக இருக்கும்போது பாருங்கள், ஓடிச் சூடான பிறகு பார்த்தால் அதிகமாகக் காட்டும்.

ஆனால் ஒன்பதரைக்கு டயர் மட்டும் காரணமாக இருக்காது. "கடலுக்குக் கிட்ட" என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. தெஹிவளை, வெள்ளவத்தை, மரைன் டிரைவ் பக்கத்து வாகனங்களில் உப்புக் காற்று பிரேக் கலிப்பர் நகரும் பின்னை (சின்னக் கம்பி) துருப்பிடித்து இறுக்கிவிடும். பிரேக்கை விட்டாலும் பட் (பிரேக் கட்டை) சில்லோடு சுற்றுகிற டிஸ்க்கை விடாது, ஓடும் நேரமெல்லாம் உரசும். வீட்டிலேயே பார்க்கலாம்: அரை மணித்தியாலம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓடிவிட்டு, நிற்பாட்டி ஒவ்வொரு சில்லுக்குக் கிட்டவும் கையைப் பிடியுங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அங்கேதான் உங்கள் காசு.

ஓயில் என்ன போடுகிறீர்கள்? 0டபிள்யூ-20 என்கிற மெல்லிய ஓயில் போட வேண்டிய எஞ்சினுக்கு மலிவு என்று தடித்த ஓயிலை ஊற்றும் இடங்களும் உண்டு. பில்லைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை ஐயா

பிள்ளை, நான் ஓய்வுபெற்று 14 வருடம். மொரிஸ் மைனரில் ஓட்டப் பழகியவன். கடுகண்ணாவை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஒரு சொட்டும் செலவில்லாமல் இறங்கியிருக்கிறேன். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம், விடியற்காலையில் பெற்றோல் அடித்தால் குளிரில் கொஞ்சம் கூட வரும், இரண்டும் என் அனுபவம்.

மற்றது, 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை மறந்துவிட்டீர்களா? ஜூனில் 92-இன் விலை 470 வரை போனது. அப்புறம் கியூஆர் பங்கீடு வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். பெற்றோல் செட் வாசலில் நான் இரண்டு இரவு படுத்திருக்கிறேன். அந்த 20 லீற்றரில் மருந்து எடுக்கப் போகும் நாளிலேயே மரக்கறியும் வாங்கி, பென்ஷன் அலுவலும் முடித்து வருவேன். கார் ஒருமுறை சூடானால் எல்லா வேலையும் அந்தச் சூட்டிலேயே முடிய வேண்டும். குளிர் எஞ்சின்தான் ஆகக் கூடக் குடிக்கும். உங்களுக்கு அப்போது 20 லீற்றர் போதாமல் போனதா?

வேலைக்கு ரயிலில் போகலாமே? தெஹிவளையில் ஏறினால் கொம்பனித்தெருவில் இறங்கலாம்.

அக்வா ஓட்டுபவன்

ஐயா சொன்ன 2022 கதை முழுக்கச் சரி, நியூட்ரல் கதை மட்டும் இந்தக் காலத்துக் காருக்கு ஒத்துவராது. மொரிஸ் மைனரில் கார்பரேட்டர். இப்போது இன்ஜெக்ஷன். கியரில் இருக்கும்போதே அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்பியூட்டர் பெற்றோலையே வெட்டிவிடும், சில்லுதான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால்தான் எஞ்சினை உயிரோடு வைத்திருக்க பெற்றோல் போகும். கடுகண்ணாவை மாதிரி இறக்கத்தில் எஞ்சின் பிடியும் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஹைபிரிட்டிலே நியூட்ரல் போட்டால் பற்றரி சார்ஜும் ஆகாது. விடியற்காலைக் கதையும் அப்படித்தான், பெற்றோல் செட்டில் டாங்க் நிலத்துக்கு அடியில் இருக்கிறது, அங்கே காலையும் மத்தியானமும் சூடு பெரிதாக மாறாது.

அக்கா, நான் நாள் முழுக்க ஹயர் ஓடுகிறேன். உங்கள் எழுத்தில் எனக்குக் கண்ணில் குத்தியது ஒன்றுதான். ரியூசன் முடியும்வரை காருக்குள் இருக்கிறீர்கள். ஏசி போட்டுத்தானே? சின்ன எஞ்சின் ஏசியோடு நின்ற இடத்தில் நின்றால் மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர், அதைவிடக் கொஞ்சம் கூடவும் குடிக்கும். கிழமைக்கு மூன்று மணித்தியாலம், மாதத்துக்கு பன்னிரண்டு. நீங்களே பெருக்கிப் பாருங்கள், கணக்குக்காரி நீங்கள்தான்.

ஓட்டுவதில் ஒன்று சொல்கிறேன். காலி வீதியில் முன்னுக்கு நிற்கிற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்து ஓடாதீர்கள், அதற்கும் அங்காலே கலர் லைட்டைப் பாருங்கள். தூரத்தில் சிவப்பு என்றால் இங்கேயே காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும், அவனும் அதே சிவப்பில்தான் வந்து நிற்கப்போகிறான். ஏசியை நிற்பாட்டத் தேவையில்லை. வெயிலில் நின்ற காருக்கு முதல் ஒரு நிமிடம் கண்ணாடிகளைத் திறந்து சூட்டை வெளியே விட்டுவிட்டுப் போடுங்கள்.

தெஹிவளை அக்கா

பெருக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். மணித்தியாலத்துக்கு 0.8 என்று வைத்தால் மாதம் 9.6 லீற்றர், கிட்டத்தட்ட 2,900 ரூபா. ஒரு கிலோமீற்றர்கூட நகராமல்! என் ஒன்பதரையில் இதுவும் சேர்ந்திருக்கிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை.

ஐயா, 2022-இல் 20 லீற்றரில் ஓரளவு மிச்சமும் வந்தது. அப்போது ரியூசன் எல்லாம் சூமில் நடந்தது, இப்போதுதான் காரணம் விளங்குகிறது.

மாதம் முடிய வருகிறேன்.

தெஹிவளை அக்கா

வந்துவிட்டேன். ஐந்து கிழமை கழிந்துவிட்டது, மாமியாருக்குச் சுகமில்லை.

கராஜ் தம்பி, உங்கள் கையைக் கொடுங்கள். ஞாயிறு காலையில் காற்று அளவைப் பார்த்தேன், ஸ்டிக்கரில் 230, டயர்களில் 26, 27. மரைன் டிரைவில் ஒரு சுற்று ஓடிவந்து நிற்பாட்டினேன், முன் இடது சில்லுக்குக் கிட்டக் கையை வைக்கவே முடியவில்லை. மற்றது மூன்றும் சாதாரணம். சேர்விஸ் செய்யும் இடத்தில் கழற்றிக் காட்டினார்கள், இரண்டு பின்னில் ஒன்று துருவில் இறுகிப் போயிருந்தது, அந்தப் பக்கத்துப் பட் தேய்ந்து தகடு தெரியத் தொடங்கியிருந்தது. பின்னும் பட்டும் கூலியும் சேர்த்து 6,200. நாலு மாதத்துக்கு முதல் அதே இடத்தில் "பிரேக் எல்லாம் செக் பண்ணிட்டம்" என்று பில்லில் எழுதித் தந்தவர்கள்தான், அதைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஓயில் சரியானதைத்தான் போட்டிருக்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டேன்.

ரியூசன் நேரத்தில் காரை நிற்பாட்டிவிட்டு இறங்கிவிடுகிறேன். முதல் நாள் சைவக்கடையில் தேநீரும் வடையும். அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். இப்போது கடற்கரைப் பக்கம் நடக்கிறேன்.

கலர் லைட் விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. காலை எடுத்தால் த்ரீவீல் ஒன்று உடனே முன்னால் நுழைந்துவிடும். முதல் கிழமை ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தேன். அப்புறம் எண்ணிப் பார்த்தேன், தெஹிவளையிலிருந்து பம்பலப்பிட்டிக்குள் நுழைந்தது ஏழு, நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் ஒரு நிமிடமும் பிந்தவில்லை.

ரயிலையும் யோசித்தேன், ஐயா. மகனை இறக்க வேண்டிய நாளில் சரிவராது. பள்ளிக்கூட விடுமுறையில் நாலு நாள் போய்ப் பார்த்தேன். காலையில் வாசலில் தொங்க வேண்டியிருந்தாலும் கொம்பனித்தெருவில் இறங்கி நடக்கும்போது தலையிடி இல்லை.

சரி, கணக்கு. ரயிலில் போன நாலு நாளையும் சந்தைக்கு அலைந்த சில்லறை ஓட்டத்தையும் கழிக்காமல், முழு மாதம் 698 கிலோமீற்றர் (மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் தூரம் பழையபடி வந்துவிட்டது), 55.8 லீற்றர். லீற்றருக்கு பன்னிரண்டரை. அதே 300 விலையில் 16,740 ரூபா. மிச்சம் 5,460. பிரேக்குக்குப் போனது 6,200. ஆக முதல் மாதம் எனக்கு 740 ரூபா நட்டம், பச்சை லைட்டையும் சேர்த்தால் 3,540. அடுத்த மாதம்தான் லாபத்தில் இறங்குவேன்.

கராஜ் தம்பி, பின்பக்கச் சில்லு இரண்டும் டிரம் பிரேக். அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லவா, அல்லது கொதிக்காவிட்டால் விட்டுவிடலாமா?

வத்தளை கராஜ்

கொதிக்காவிட்டால் அவசரமில்லை அக்கா, அடுத்த சேர்விஸில் கழற்றித் தூசு ஊதச் சொல்லுங்கள், ஆனால் கிட்ட நின்று பாருங்கள். கடல் பக்கம் ஓடினால் கிழமைக்கு ஒருமுறை சில்லுகளுக்கு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். கழுவிய கையோடு நிறுத்தி வைக்காமல் ஒரு சுற்று ஓடி, பிரேக்கை நாலு தரம் மிதித்துக் காயவிட்டு நிறுத்துங்கள்.