மிச்சிகன் லைசென்ஸ் ஹியரிங்: ஊர்லருந்து லெட்டர் வாங்காதீங்க

திருமங்கலத்து தம்பி ஒருத்தர் கேட்டுருந்தாரு. ஏழு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவ குடிச்சிட்டு ஓட்டி மாட்டுனதுல அமெரிக்காவுல மிச்சிகன்ல லைசென்ஸ ரத்து பண்ணிட்டாங்களாம், காத்திருக்க வேண்டிய ஒரு வருஷமும் முடிஞ்சிருச்சாம், இப்ப லைசென்ஸ திரும்பக் கேக்குற ஹியரிங்குக்கு என்ன ரெடி பண்ணணும், அதுக்குள்ள மதுரை ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் போட்டு வந்து ஓட்டிக்கலாமான்னு.

பெர்மிட் கதைய விட்ருங்க தம்பி. அங்க ஓட்டுற உரிமையே போனப்புறம் எந்த ஊர் அட்டைய நீட்டுனாலும் செல்லாது, புடிச்சா புது கேஸ். அப்புறம் குடிச்சிட்டு ஓட்டி அரெஸ்ட் ஆனாலே விசாவ ரத்து பண்ண அமெரிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கு, அதனால சித்திரைத் திருவிழாவுக்கு வர்றேன்னு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர்ட்ட பேசிருங்க.

ஹியரிங் கோர்ட்ல இல்ல, செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ் (மிச்சிகன்ல லைசென்ஸ் குடுக்குற மாநில ஆபீஸ்) நடத்துறது. ரெடி பண்ண வேண்டியது: குடிப்பழக்கம் பத்தின எவால்யுவேஷன், 12 பேனல் யூரின் டெஸ்ட் (12 வகை போதைப் பொருள் இருக்கான்னு பாக்குறது, சாம்பிள்ல தண்ணி கலந்துருக்கான்னும் அதுலயே பாப்பாங்க), நீங்க குடிய விட்டத பத்தி 3லருந்து 6 பேர் குடுக்குற லெட்டர். இந்த லெட்டர்லதான் நம்ம பயலுக கோட்ட விடுறாய்ங்க. அப்பா, தாய்மாமா, ஊர்ப் பிரசிடென்ட்டுன்னு எல்லார்ட்டயும் "நல்ல குடும்பத்துப் பையன்"னு எழுதி வாங்கிட்டுப் போயி நிப்பாய்ங்க. உசிலம்பட்டில இருக்குற மாமாவுக்கு நீங்க சனிக்கிழம ராத்திரி என்ன பண்றீங்கன்னு எப்பிடித் தெரியும்? அங்கயே உங்கள நேர்ல பாக்குற ரூம்மேட், கூட வேல பாக்குறவங்க எழுதணும், எத்தன நாளா தெரியும், எம்புட்டு அடிக்கடி பாக்குறாங்க, முன்னாடி எப்பிடிக் குடிச்சாரு, எப்பருந்து நிறுத்துனாருன்னு. உங்களக் காப்பாத்துறதா நெனச்சு "இவரு குடிச்சதே இல்ல"ன்னு எவனாச்சும் எழுதுனா அந்த லெட்டர வெளியவே எடுக்காதீங்க.

தேதி எல்லாத்துலயும் ஒத்துப் போகணும். எவால்யுவேஷன்ல கடைசியா குடிச்சது பொங்கலப்பன்னு இருந்து, லெட்டர்ல தீபாவளின்னு இருந்து, நீங்க வாயத் தொறந்து வேற சொன்னா அம்புட்டுதான், ஏன்னா குடிய விட்டுட்டேன்னு தெளிவா நிரூபிக்கிற பொறுப்பு உங்களோடது, தோத்தா அடுத்த ஹியரிங் கேக்க ஒரு வருஷம் காத்துக் கெடக்கணும். குலசாமி கோயில் கெடா வெட்டுல கையில கிளாஸோட எடுத்த போட்டோவ மச்சான் ஃபேஸ்புக்ல போட்ருந்தா அதுக்கும் பதில் வச்சுக்கங்க, அழிச்சிட்டா தப்பிச்சோம்னு நெனைக்க வேணாம்.

வக்கீல் வச்சா இந்த ஹியரிங்கயே வழக்கமா பாக்குறவரா புடிங்க, ஆக்சிடென்ட் கேஸ் பாக்குற ஃப்ரெண்டு வேணாம்.

ஜெயிச்சாலும் மொத ஒரு வருஷமாச்சும் கட்டுப்பாட்டு லைசென்ஸ்தான், வண்டில மிஷின் மாட்டிருவாங்க, ஊதுனாத்தான் ஸ்டார்ட் ஆகும். மவுத்வாஷ் கொப்பளிச்சிட்டு ஒடனே ஊதுனாக்கூட மிஷின்ல ஆல்கஹால்னு காட்டிரும், வெறும் தண்ணியில வாயக் கழுவிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஊதுங்க.