பதினொரு டீம் மாறிய ஆட்டக்காரரை எப்படிப் பார்ப்பது?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூரில் என்னோடு பேஸ்பால் பார்க்க ஆளே கிடையாது, அதனால் இங்கே கேட்கிறேன். அமெரிக்க பேஸ்பாலில் டாட் ஸீல் என்ற மூன்றாம் பேஸ் (அந்த இடத்தில் நின்று ஃபீல்டிங் செய்யும்) ஆட்டக்காரர் 1989 முதல் 2004 வரை 11 டீம்களுக்கு ஆடியிருக்கிறார். திறமை குறைவு என்பதால்தான் இப்படிக் கைமாறினாரா?

லாஸ்பேட்டை வாசகி:
இல்லை தம்பி. 2,000 ஆட்டங்களுக்கு மேல் ஆடி 253 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவரைத் திறமை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? அந்த 11 டீம்களுக்கும் ஹோம் ரன் அடித்திருக்கிறார், அது ஒரு சாதனை. கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) வந்தவரை மூன்றாம் பேஸுக்கு மாற்றினார்கள், அப்புறம் முதல் பேஸிலும் நின்றார், எங்கே நிறுத்தினாலும் ஆடுவார் என்பதால்தான் ஆள் தேவைப்பட்ட டீம் எல்லாம் கேட்டு வாங்கியது. 1998-இல் மட்டும் டாட்ஜர்ஸ், மார்லின்ஸ், ரேஞ்சர்ஸ் என மூன்று சட்டை. அங்கே ஒப்பந்தத்தில் தடை இல்லையென்றால் ஆட்டக்காரரைக் கேட்காமலே வேறு டீமுக்கு டிரேட் செய்யலாம், சீசன் நடுவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். எனக்கு அதை நினைத்தாலே மனசு கஷ்டமாக இருக்கும்.

முத்தியால்பேட்டை:
அக்கா சொன்னது சரி. நம் புதுச்சேரி ரஞ்சி அணிக்கு கர்நாடகத்திலிருந்து வினய் குமார் வந்தாரே, அவர் தானாக முடிவெடுத்து வந்தவர். அங்கே அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:
நன்றி அக்கா. கடைசியாக எப்படி முடித்தார்?

லாஸ்பேட்டை வாசகி:
2004 அக்டோபர் 3, மெட்ஸ் டீமுக்காக, தன் கடைசி பேட்டிங்கில் ஹோம் ரன். எதிரணி, ஒரு வருடம் முன்பு அவரே ஆடிய மாண்ட்ரியால் எக்ஸ்போஸ். அந்தப் பெயரில் அவர்களுக்கும் அதுதான் கடைசி ஆட்டம்.