டுலூத்தில் நடக்குமா, நடக்காதா?

குழு: மின்னசோட்டா சொந்தங்கள்

அண்ணன் (டுலூத்): இன்று அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. ஆண்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கி தேசியப் போட்டியின் கடைசிக் கட்டத்தை, நான்கு அணிகள் மோதும் அந்த ஃப்ரோஸன் ஃபோரை, எங்கள் ஊரில் நடத்த முடியும் என்று ஒரு கட்சி. நடக்கிற காரியமா என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி.

அக்கா (செயின்ட் பால்): நீ இல்லாத கட்சி எது? உங்கள் அரங்கத்தில் எத்தனை பேர் உட்காரலாம்?

அண்ணன்: ஆம்சாயில் அரங்கத்தில் ஏறத்தாழ 6,700.

அக்கா: எங்கள் ஊரில் ஏறத்தாழ 18,000. 2024 இறுதி ஆட்டத்தில் டென்வர் அணி பாஸ்டன் காலேஜை 2-0 என்று வென்றது இங்கேதான். விஷயம் முடிந்தது. அடுப்பில் சாம்பார் இருக்கிறது, போகிறேன்.

அண்ணன்: நில். 2011இலும் 2018இலும் அதே அரங்கத்தில் கோப்பையைத் தூக்கியது யார்? எங்கள் டுலூத் பல்கலைக்கழக அணி. 2019இல் பஃபலோவில் மறுபடியும் டுலூத். மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பையன், மண்டபம் மட்டும் எப்போதும் உங்கள் ஊரிலா?

நான் (ஃபார்கோ): மண்டப வாடகை யார் கொடுப்பது அண்ணா? ஆனாலும் சின்ன அரங்கம் என்று யாரும் இளக்காரம் செய்ய வேண்டாம். 2021இல் எங்கள் ஊரில் நடந்த மண்டலச் சுற்றில், அதாவது ஃப்ரோஸன் ஃபோருக்கு முந்தைய சுற்றில், டுலூத்தும் நார்த் டகோட்டாவும் ஐந்து கூடுதல் நேரம் ஆடின. தேசியப் போட்டி வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் அது. நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது.

அண்ணன்: யார் வென்றார்கள் என்பதையும் சொல்.

நான்: டுலூத், 3-2. போதுமா?

அத்தை: இறுதிப் போட்டி சின்ன ஊரில் நடந்ததே இல்லையா?

அண்ணன்: அப்படிக் கேளுங்கள் அத்தை! நியூயார்க் மாநிலத்தில் லேக் பிளாசிட் என்று ஒரு கிராமம். மக்கள்தொகை 2,200 சுமார். 1970, 1984, 1988, மூன்று முறை நடத்தியிருக்கிறார்கள். 1970இல் கார்னெல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 29 ஆட்டத்தையும் வென்று பட்டம் வாங்கியது அங்கேதான்.

அக்கா: அந்தக் கிராமத்தில் இரண்டு குளிர்கால ஒலிம்பிக் நடந்திருக்கிறது தம்பி. 1932, 1980. அதை ஏன் விழுங்கிவிட்டாய்?

நான்: 1984 இறுதி ஆட்டத்தில் தோற்றதும் டுலூத்தானே?

அண்ணன்: அதை நினைவுபடுத்தாதே. இங்கே வயதானவர்கள் இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். பௌலிங் கிரீனை விட ஒரு கோல் முன்னிலை. மீதி இருப்பது இரண்டு நிமிடம்கூட இல்லை. பின்சுவர்ப் பலகையைச் சுற்றி வருகிற பக்கை, அந்த ரப்பர் வட்டைப் பிடிக்க நம் கோல்கீப்பர் கோலை விட்டு வெளியே போகிறார். அது பலகையில் எங்கோ பட்டு, திசை மாறி, ஆளில்லாத கோலுக்கு முன்னால் வந்து விழுகிறது. எதிரணிப் பையன் தட்டிவிட்டான். பிறகு நான்காவது கூடுதல் நேரத்தில் 5-4 என்று போனது.

அத்தை: ஐயோ பாவம்.

அக்கா: 1988க்குப் பிறகு ஏன் அங்கே போகவில்லை? கூட்டம் பெருத்துவிட்டது. 2010இல் டெட்ராய்ட்டில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள் பனித்தளம் போட்டார்கள், இறுதி ஆட்டத்துக்கு 37,000 பேருக்கு மேல். அந்த ருசி கண்டவர்கள் 6,700க்குத் திரும்புவார்களா?

அண்ணி (டுலூத்): ஹோட்டல் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் பேசலாமா? இவர் இருக்கைக் கணக்கையே பார்க்கிறார். எனக்கு அறைக் கணக்கு. ஜூனில் கிராண்ட்மாஸ் மாரத்தான் வரும்போது ஊர் முழுக்க நிரம்பி, பாலம் தாண்டி பக்கத்து ஊர் சுப்பீரியர் வரை ஆட்கள் தங்குகிறார்கள். பல்கலைக்கழக விடுதி அறைகளையும் ஓட்டக்காரர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் ஃப்ரோஸன் ஃபோர் ஏப்ரலில். அப்போது விடுதியில் மாணவர்கள் இருப்பார்கள். அவர்களை எங்கே அனுப்புவது?

அண்ணன்: செயின்ட் பாலிலிருந்து இரண்டரை மணி நேரம். காலையில் வந்து இரவு திரும்பலாம்.

அண்ணி: இரண்டாவது அரையிறுதி முடியும்போது இரவு வெகு நேரம் ஆகிவிடும். அதற்குப் பிறகு ஏப்ரல் பனியில் 150 மைல் ஓட்டச் சொல்கிறீர்களா? பாஸ்டன்காரர்கள் மினியாபொலிஸிலோ சிகாகோவிலோ விமானம் மாறித்தான் வர வேண்டும். வந்த பிறகு ஏரிக்காற்று வேறு.

நான்: அண்ணி சொல்வதற்குப் பதில் இல்லை.

அத்தை: எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் எல்லோரும் பையன்கள் ஆட்டத்தையே பேசுகிறீர்கள். பெண்களுக்கு இப்படிப் போட்டி கிடையாதா?

அண்ணி: இருக்கிறது அத்தை. எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2003, 2008, 2012, 2023. நான்கு முறை.

அத்தை: அது தேசியப் பட்டம்தானே?

அண்ணி: சந்தேகமே இல்லாமல். 2003இல் டுலூத் பெண்கள் சொந்த ஊரில், இரண்டாவது கூடுதல் நேரத்தில், ஹார்வர்டை 4-3 என்று வென்றார்கள். பெண்களுக்குத் தேசியப் பட்டம் தொடங்கிய 2001இலிருந்து தொடர்ந்து மூன்றாவது கோப்பை. 2008இலும் இங்கேயே வென்றார்கள்.

அத்தை: அப்படியென்றால் சின்ன ஊரால் முடியுமா என்று இவ்வளவு நேரம் எதற்குச் சண்டை? முடிந்திருக்கிறதே.

அக்கா: 😂😂 அத்தை!

அண்ணன்: அது வேறு, இது வேறு அத்தை. இங்கே பேச்சு ஆண்கள் போட்டியைப் பற்றி.

அக்கா: எது வேறு? நான்கு அணி, இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. 2023இல் விஸ்கான்சின் பெண்கள் ஒஹையோ ஸ்டேட்டை 1-0 என்று வென்றது உங்கள் அரங்கத்தில்தான். உன் அலுவலகத்தில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லையா?

அண்ணன்: சொல்லவில்லை.

நான்: என்னைக் கேட்டால், பாதி காலியான 18,000ஐ விட நிரம்பிய 6,700 மேல். கூரை அதிர வேண்டும். ஆண்கள் மண்டலச் சுற்றுகளில் காலி நாற்காலிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சலித்துவிட்டது. அதற்காவது இந்த அளவு அரங்கங்கள்தான் சரி.

அண்ணன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆண்கள் இறுதியையும் நான் விடப்போவதில்லை. சுப்பீரியர், கிளோக்கே, டூ ஹார்பர்ஸ் எல்லாம் சேர்த்தால் அறை கிடைக்கும்.

அண்ணி: அந்த ஊர்களில் எத்தனை அறை என்று நாளை எண்ணிக்கொண்டு வாருங்கள்.

அக்கா: பெண்கள் போட்டி மறுபடி அங்கே வந்தால் எனக்கும் அத்தைக்கும் டிக்கெட் எடுத்து வை. அறை வேண்டாம், உன் வீடு இருக்கிறது.

நான்: எனக்கு?

அண்ணி: கீழ்த்தளத்துச் சோபா. போர்வை நீயே கொண்டு வா.