பாசிசம், எமர்ஜென்சி, சர்வாதிகாரம்: மூணும் ஒண்ணா?

முத்துநகரான்:
2018 செப்டம்பர்ல எங்க தூத்துக்குடிக்கு வந்த ஃப்ளைட்ல ஒரு மாணவி "பாசிச பாஜக ஆட்சி ஒழிக"ன்னு கோஷம் போட்டதுக்கு கைது பண்ணாங்கல்ல, அன்னிக்குதான் பாசிசம்ங்கிற வார்த்தை எங்க தெரு டீக்கடை வரைக்கும் வந்துச்சு. இப்ப ஒருத்தர் சர்வாதிகாரம்ங்கிறார், ஒருத்தர் அறிவிக்கப்படாத எமர்ஜென்சிங்கிறார், பாஜக அரசு 2024ல, இந்திரா காந்தியோட காங்கிரஸ் ஆட்சி 1975ல எமர்ஜென்சி கொண்டுவந்த ஜூன் 25ஐ 'அரசியல் சாசனப் படுகொலை தினம்'னு அறிவிச்சு காங்கிரஸத் திருப்பி அடிக்குது. இதுக்கெல்லாம் தனித்தனி அர்த்தம் இருக்கா, இல்ல வெறும் வசவு தானா?

கரிசல்காட்டான்:
இருக்கு ப்ரோ. சர்வாதிகாரம்னா அதிகாரம் முழுக்க ஒரு ஆள் கைல. பாசிசம் முசோலினி இத்தாலில 1919ல ஆரம்பிச்ச இயக்கத்தோட பேரு, கட்சிக்குன்னு தனி அடியாள் படை, தேசத்துக்கு எதிரின்னு ஒரு கூட்டத்த காட்டுறது, தலைவர் சொன்னதே சட்டம், 1926ல மத்த கட்சிக்கெல்லாம் தடை. தேர்தல் நடக்கும், ஆனா பத்திரிகையும் எதிர்க்கட்சியும் மூச்சு விட முடியாதுங்கிற நிலைமைக்கு ஸ்வீடன்ல இருக்க, நாடுகளோட ஜனநாயகத்த அளந்து பாக்குற வி-டெம் ஆய்வு நிறுவனம் சொல்ற பேரு 'தேர்தல் வழி எதேச்சதிகாரம்', 2021 அறிக்கைல இந்தியாவ அந்த லிஸ்ட்ல போட்டாங்க, மத்திய அரசு ஏத்துக்கல. எனக்கு இந்த வார்த்தைதான் சரியா படுது, மேடைல சொன்னா கைதட்டு வராதுங்கிறது வேற விஷயம்.

மிசா பேரன்:
எமர்ஜென்சிங்கிற வார்த்தைய மட்டும் லேசா எடுக்காதீங்க தம்பி. 1976 ஜனவரி 31ல கலைஞர் ஆட்சியக் கலைச்சாங்க, கொஞ்ச நாள்ல எங்க தாத்தாவ மிசால, அதாவது விசாரணை இல்லாம உள்ள வைக்கிற சட்டத்துல, தூக்கிட்டுப் போயிட்டாங்க, எதுக்குன்னு ஒரு கடுதாசி கூட கிடையாது. சென்னை ஜெயில்ல அடிவாங்கின திமுக எம்.பி. சிட்டிபாபு அப்புறம் உயிரோடவே இல்ல. அந்த ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே, உள்ள வச்சவங்கள கோர்ட்டுல கொண்டு வந்து நிறுத்தச் சொல்ற ஆட்கொணர்வு மனு போட முடியாதுன்னு சொல்லிருச்சு, அஞ்சு நீதிபதில எச்.ஆர்.கன்னா ஒருத்தர்தான் மறுத்து எழுதினார். ஆர்எஸ்எஸ்காரங்களும் அப்ப உள்ள இருந்தாங்க, அதையும் சொல்லணும். எங்க திமுக அப்புறம் அந்தக் காங்கிரஸோடயே கூட்டணி வச்சிக்கிட்டு எமர்ஜென்சி பத்தி அடக்கி வாசிச்சப்பல்லாம் எனக்கு மனசு ஆறினதே இல்ல.

கரிசல்காட்டான்:
அண்ணே நீங்க சொல்றது புரியுது, ஆனா ஜெயில் நிறைஞ்சப்புறம் தான் பேர் வைக்கணும்னா அப்ப யாரு வெளிய இருந்து சொல்லுவா? ஊபாங்கிற (UAPA) பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல ஜாமீன் இல்லாம வருஷக்கணக்கா உள்ள இருக்கவங்க வீட்ல போய் இது எமர்ஜென்சி இல்லன்னு எப்படி சொல்றது.

மிசா பேரன்:
அதையும் மறுக்கல தம்பி. எமர்ஜென்சின்னு சொல்றதோட நிறுத்தாம எந்தச் சட்டம், எத்தன வருஷம் உள்ள, பேர் என்னன்னு சேத்து சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்.

முத்துநகரான்:
ரெண்டு பேருக்கும் நன்றி. அந்த மாணவிய கைது பண்ணது அப்ப இங்க இருந்த அதிமுக ஆட்சியோட போலீஸ்ங்கிறது இப்பதான் எனக்கு உறைக்குது. 2023ல ஹைகோர்ட் மதுரை கிளை அந்தக் கேஸ ரத்து பண்ணிருச்சு, ஆனா ஒரு வார்த்தைக்கு அஞ்சு வருஷம்.