கிரீம் பாஸ்தாவில் கிரீமுக்குப் பதில் காலிஃபிளவர்: மறுப்பவர்கள் வரலாம்

பூண்டுப்பல்:
கலோரி கணக்குப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இனிப்பு, பொரித்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வெள்ளை சாஸ் பாஸ்தாவை மட்டும் விட முடியவில்லை. கெட்டியான கிரீம் 100 மில்லி ஊற்றினால் அதிலேயே 340 கலோரி போய்விடுகிறது. அதனால் 200 கிராம் காலிஃபிளவரை இரண்டு பல் பூண்டோடு வேகவைத்து, பாஸ்தா வெந்த தண்ணீர் கொஞ்சம் விட்டு மிக்ஸியில் மைய அரைக்கிறேன். வெள்ளைவெளேரென்று சாஸ் தயார், மொத்தமே 50 கலோரிதான். இனிமேல் கிரீம் வாங்குவதாக இல்லை. யாராவது மறுக்கிறீர்களா?

கட்டிவெண்ணெய்:
நான் இருக்கிறேன். அரைத்த காலிஃபிளவர் அரைத்த காலிஃபிளவர்தான் சகோ. சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கிரீம் என்று சொல்லி நாக்கை ஏமாற்றப் பார்க்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சண்டை. நாக்கு ஏமாறாது, அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் டப்பாவைத் தேடும். தக்காளி சாஸ் செய்து, அடுப்பை அணைத்த பிறகு ஒரு மேசைக்கரண்டி நிஜக் கிரீமைச் சுற்றி விடுங்கள். 15 மில்லிக்கு அதுவும் 50 கலோரிதான். புளிப்பு அடங்கும், வாயில் கிரீமின் வழுவழுப்பும் இருக்கும்.

பூண்டுப்பல்:
எனக்குத் தட்டு நிறைய வெள்ளை சாஸ் வேண்டும். உங்கள் ஒரு கரண்டி பாஸ்தாவுக்குப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும்.

தராசுமுள்:
இரண்டு பேரும் சாஸையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பூண்டுப்பல், நேற்று செய்ததை கிராம் கணக்கில் அப்படியே எழுதுங்கள். எண்ணெய் உட்பட.

பூண்டுப்பல்:
பாஸ்தா கண்ணளவுதான். இப்போது அதே அளவு அள்ளித் தராசில் வைத்தேன்: 140 கிராம், வேகவைக்காதது. ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சாஸ் கொஞ்சம் சப்பென்று இருந்ததால். பார்மிசான் சீஸ் துருவல் 40 கிராம், அதே காரணம்.

தராசுமுள்:
அப்படிப் போடுங்கள். பாஸ்தா 490, எண்ணெய் 240, சீஸ் 160, காலிஃபிளவர் 50. மொத்தம் 940. இதுவே 80 கிராம் பாஸ்தா, 15 கிராம் சீஸ் என்று அளந்து போட்டு, நீங்கள் பயப்படுகிற 100 மில்லி கிரீமையும் ஊற்றியிருந்தால் 680.

கட்டிவெண்ணெய்:
😂😂 காலிஃபிளவர் கட்சி கட்டுத்தொகையை இழந்தது.

பூண்டுப்பல்:
இது போங்கு. கிரீமுக்கு மட்டும் பாஸ்தாவைக் குறைத்துக் கொடுத்துவிட்டு எனக்கு ஏன் 140? என் சாஸோடும் அதே 80 கிராம் பாஸ்தா, அதே 15 கிராம் சீஸ், ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்று வையுங்கள். 430 வருகிறது. அப்போதும் 250 கலோரி குறைவு.

தராசுமுள்:
சரி, கணக்கு உங்கள் பக்கம். ஆனால் ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு நிறுத்த முடிந்ததா? சப்பென்று இருந்ததால்தானே இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினீர்கள். லேசான சாஸ் என்று எதைச் செய்தாலும் கலோரி இந்த வழியாகத்தான் திரும்பி வருகிறது.

முழுமிளகு:
கிரீமே தேவையில்லாத இடத்தில் இத்தனை சண்டையா? ஆல்ஃபிரெடோ பாஸ்தாவுக்குப் பெயர் தந்த ஆல்ஃபிரெடோ டி லெலியோ ரோமில் பரிமாறிய பெட்டூசினியில் (பட்டை நாடா பாஸ்தா) வெண்ணெய், பார்மிசான், பாஸ்தா அவ்வளவுதான். கிரீம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கார்பனாரா என்கிற இன்னொரு இத்தாலிய பாஸ்தாவிலும் கிடையாது, முட்டையும் சீஸும்தான் அந்த வழவழப்பைத் தருகின்றன. தண்ணீரைக் குறைவாக வைத்துப் பாஸ்தாவை வேகவிட்டால் மாவுச்சத்து அதில் கெட்டியாக இறங்கும். அந்தத் தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்து கலக்கும்போது பிரியாமல் சாஸாகப் பிடித்துக்கொள்ளும்.

தராசுமுள்:
ஆல்ஃபிரெடோவை லேசான உணவு வரிசையில் உட்கார வைக்காதீர்கள். 50 கிராம் வெண்ணெய் 360 கலோரி. கிரீமை வெளியே அனுப்பிவிட்டு அதன் அண்ணனைக் கூப்பிட்ட கதை. கார்பனாரா முட்டை வேண்டுமானால் பரவாயில்லை, ஒன்றுக்கு 70தான். அதில் போடுகிற பன்றிக் கொழுப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

முழுமிளகு:
வெண்ணெயைக் குறைக்கலாமே. மாவுத் தண்ணீர் இருந்தால் 10 கிராமே சாஸைப் பிடிக்கும். நான் சொன்னது அந்த முறையைத்தான்.

ஊறியமுந்திரி:
ஊறவைத்த முந்திரி அரைத்து ஊற்றிப் பாருங்கள். கிரீமே தோற்றுவிடும்.

தராசுமுள்:
ருசியில் தோற்கலாம். ஒருவருக்கு 50 கிராம் முந்திரி என்றாலே 280 கலோரி.

தயிர்க்கலயம்:
தயிரை யாரும் சொல்லவில்லையே. கொழுப்பு நீக்கிய கெட்டித் தயிர் 100 கிராமுக்கு 60 கலோரிதான், புரதமும் உண்டு.

கட்டிவெண்ணெய்:
ஒரு தடவை செய்தேன். கொதிக்கிற வாணலியில் ஊற்றிய அடுத்த நொடி திரிந்து, பாஸ்தா மேல் வெள்ளை மணல் தூவியது போல ஆகிவிட்டது. அடியில் பிரிந்த தண்ணீர். அதைத் தின்றேன் என்பதை இங்கே சொல்லியிருக்கக் கூடாது.

தயிர்க்கலயம்:
கொதிக்கும்போது ஊற்றினால் அப்படித்தான் ஆகும். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு, அதனால் சூட்டைத் தாங்கும். தயிரில் புளிப்போடு புரதம் இருக்கிறது, சூடு பட்டதும் அது சுருண்டு கட்டியாகிவிடும். கொழுப்பு நீக்கியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். தயிரை முன்கூட்டியே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். அரை தேக்கரண்டி கார்ன் மாவைக் கரைத்து அதில் அடியுங்கள். பாஸ்தா தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு வெதுவெதுப்பாக்கி, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துக் கலக்குங்கள். மறுபடி அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

கட்டிவெண்ணெய்:
அப்போதும் புளிக்குமே?

தயிர்க்கலயம்:
புளிக்கும். எலுமிச்சை பிழிந்த பாஸ்தா பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும். ஆல்ஃபிரெடோ ருசி வேண்டுமென்று இதைச் செய்தால் ஏமாற்றம்தான், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

பூண்டுப்பல்:
இன்று மறுபடி செய்தேன், பதிகிறேன். 80 கிராம் பாஸ்தா, அளந்து. காலிஃபிளவரைத் தண்டு விரலால் நசுங்கும் வரை வேகவிட்டேன். போன தடவை சீக்கிரம் எடுத்ததால்தான் நறநறவென்று இருந்திருக்கிறது. பூண்டைப் பச்சையாக வேகவிடாமல் தோலோடு சுட்டுச் சேர்த்தேன். உப்பு, மிளகு தாராளம். முழுமிளகு சொன்னபடி கெட்டியான பாஸ்தா தண்ணீர் ஒரு கரண்டி. கடைசியில் எண்ணெய்க்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி கிரீம். சப்பென்று இல்லை. மேலே 15 கிராம் சீஸோடு மொத்தம் 440.

கட்டிவெண்ணெய்:
ஒரு மேசைக்கரண்டி என்ன? இன்னொரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

பூண்டுப்பல்:
கிரீம்.

கட்டிவெண்ணெய்:
அப்படியானால் "இனிமேல் கிரீம் வாங்குவதாக இல்லை" என்ற முதல் பதிவைத் திருத்துங்கள்.

பூண்டுப்பல்:
திருத்த மாட்டேன். இது பக்கத்து வீட்டில் கடன் வாங்கியது.